தலையீற்றுப் பசு தவறாமல் மறுசினை பிடிக்க: கிடேரிப் பருவத்திலிருந்தே செய்ய வேண்டியவை

கிடேரியாக (இன்னும் கன்று ஈனாத இளம் பசுவாக) இருந்தபோது முதல் கருவூட்டல் ஊசியிலோ இரண்டாவது ஊசியிலோ சினை பிடித்த கலப்பினப் பசு, முதல் கன்றை ஈன்ற பிறகு ஆறு மாதம், எட்டு மாதம் கடந்தும் பருவத்துக்கே வராமல் நிற்பதைத் தமிழ்நாட்டின் சிறு பால் பண்ணைகளில் அடிக்கடி காணலாம். அதே தொழுவத்தில் அதே தீவனத்தைத் தின்னும் நான்காம் ஈற்றுப் பசு மூன்றாம் மாதத்தில் சினையாகிவிட, இளம் பசு மட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால், விந்துக் குச்சி சரியில்லை, ஊசி போட்டவர் கை சரியில்லை, மாட்டின் சுழி சரியில்லை என்று பல காரணங்கள் சொல்லப்படும். பெரும்பாலும் காரணம் இவற்றில் எதுவுமன்று. கன்று ஈன்ற நாளில் அந்தப் பசுவின் உடம்பில் போதிய சதைப்பிடிப்பு இல்லை என்பதே உண்மைக் காரணம். அந்தக் குறையை ஈன்ற பிறகு தீவனம் கொட்டிச் சரிசெய்வது கடினம்; ஈனுவதற்கு முன்பே சரிசெய்வது எளிது, செலவும் குறைவு. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கருத்தையே சுற்றி அமைந்திருக்கிறது.

சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். ஆண்டுக்கு ஒரு கன்று என்ற கணக்கு நிற்க வேண்டுமானால், ஈன்றதிலிருந்து 85 நாட்களுக்குள் பசு மறுபடியும் சினை பிடித்தாக வேண்டும். அதில் முதல் 45 நாட்கள் கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்குத் திரும்புவதற்கே சரியாகிவிடும். எஞ்சியிருப்பது இரண்டு பருவச் சுழற்சிகளுக்கும் குறைவான காலம். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாட்கள் பின்தங்குகிறோம் என்பதும், அந்த 21 நாட்களின் தீவனச் செலவு ஒவ்வொரு முறையும் நம் கையிலிருந்தே போகிறது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இளம் பசுவுக்கு மட்டும் ஏன் இந்தச் சிக்கல்

முதிர்ந்த பசு தின்பது உடலைப் பேணவும் பால் சுரக்கவும் போகிறது. தலையீற்றுப் பசுவோ இந்த இரண்டையும் செய்துகொண்டே வளர்ந்தும் ஆக வேண்டியிருக்கிறது. அது முழு எடையை அடைய இன்னும் ஓர் ஈற்று, இரண்டு ஈற்று ஆகும். போதாக்குறைக்கு, இரண்டு வயதுக்கு மேல் பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் காலமும் முதல் ஈற்றுக் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. கடினமான தட்டையை மென்று தின்ன அந்த மாடு சிரமப்படும். பால் உற்பத்தி ஆறாவது முதல் எட்டாவது வாரத்தில் உச்சத்தைத் தொடுகிறது. தீவனம் தின்னும் அளவு உச்சத்தை எட்ட மேலும் சில வாரங்கள் ஆகின்றன. இடைப்பட்ட காலத்தில் பசு தன் உடம்பிலுள்ள கொழுப்பைக் கரைத்துத்தான் பாலாக்குகிறது.

உடல் தன்னிடமுள்ள சத்தை முதலில் உயிர் பிழைப்பதற்கும், அடுத்து வளர்ச்சிக்கும் பாலுக்கும் ஒதுக்கி, எல்லாவற்றுக்கும் கடைசியாகவே இனப்பெருக்கத்துக்குக் கொடுக்கிறது. கரைக்கக் கொழுப்பு இல்லாத மாட்டில், சினைமுட்டையை முதிர்த்து வெளியேற்றத் தேவையான இயக்குநீர் (ஹார்மோன்) சமிக்ஞைகளை மூளை குறைத்துவிடுகிறது. சினைப்பையில் முட்டைப்பைகள் உருவாகும், வளரும், வெடிக்காமலேயே அழிந்துபோகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மாடு பருவத்துக்கு வரவில்லை என்பது மட்டுமே தெரியும். இந்த நிலையிலுள்ள மாட்டுக்கு எத்தனை நல்ல விந்தைச் செலுத்தினாலும் பயனில்லை.

வயதைவிட எடையே முக்கியம்

கிடேரிக்கு முதல் ஊசி எப்போது போடலாம் என்பதை அதன் வயதை வைத்து முடிவு செய்பவர்களே அதிகம். பருவமடைதல் வயதைவிட எடையைச் சார்ந்தே நிகழ்கிறது. அந்த இனத்தின் முழு வளர்ச்சி எடையில் 60 முதல் 65 விழுக்காட்டை எட்டிய பிறகே கருவூட்ட வேண்டும். ஜெர்சி கலப்பினத்தில் இது ஏறத்தாழ 220 முதல் 250 கிலோ. பிரீசியன் கலப்பினத்தில் 250 முதல் 280 கிலோ. நன்கு வளர்க்கப்பட்ட கிடேரி 15 முதல் 18 மாதங்களில் இதை அடையும். வைக்கோலையும் மிச்சம் மீதியையும் தின்று வளர்ந்த கிடேரி இரண்டரை வயதிலும் அடையாது. காங்கேயம் போன்ற நாட்டினங்கள் இயல்பாகவே பிந்திப் பருவமடைபவை என்பதால், அவற்றுக்கு இந்த மாதக் கணக்கைப் பொருத்தக் கூடாது; எடை விகிதக் கணக்கு அவற்றுக்கும் பொருந்தும்.

எடைத் தராசு இல்லாத இடத்தில் தையற்கடை நாடா ஒன்று போதும். மாட்டைச் சமதரையில் நான்கு கால்களும் சீராக ஊன்றும்படி நிறுத்தி, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் அளக்க வேண்டும். பின்னர் தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை உடல் நீளத்தை அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 58 அங்குலமும் நீளம் 48 அங்குலமும் உள்ள கிடேரியின் எடை ஏறத்தாழ 245 கிலோ. ஜெர்சி கலப்பினமாக இருந்தால் அது ஊசிக்குத் தயார். மாதம் ஒரு முறை அளந்து ஒரு நோட்டில் எழுதிவந்தால், கிடேரி வளர்கிறதா, தேங்கி நிற்கிறதா என்பது இரண்டு மாதங்களிலேயே தெரிந்துவிடும்.

20 கிலோவுக்குச் சற்று மேல் பிறக்கும் ஜெர்சி கலப்பினக் கன்று 18 மாதத்தில் 240 கிலோவை எட்ட, நாளொன்றுக்குச் சராசரியாக 400 கிராம் எடை கூட வேண்டும். பால் கறக்காத மாடு என்பதற்காகக் கிடேரிக்குக் கலப்புத் தீவனத்தை நிறுத்தும் வழக்கம் இந்தக் கணக்கைக் கெடுத்துவிடுகிறது. 200 கிலோ எடையுள்ள கிடேரிக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 கிலோ பசுந்தீவனமும், 2 முதல் 3 கிலோ உலர்தீவனமும், ஒன்றரை முதல் 2 கிலோ கலப்புத் தீவனமும் கொடுக்கலாம். பசுந்தீவனம் முழுவதும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லாக இருந்தால் புரதம் போதாது. மூன்றில் ஒரு பங்காவது வேலிமசால், குதிரைமசால், அகத்தி, சூபாபுல் போன்ற பயறுவகைத் தீவனமாக இருப்பது நல்லது. வரப்போரம் வேலிமசால் இருந்தால் புண்ணாக்குச் செலவில் ஒரு பகுதி தானாகவே குறைகிறது.

கலப்புத் தீவனத்தை வீட்டிலேயே தயாரிப்பவர்கள் 100 கிலோவுக்கு மக்காச்சோளமோ கம்போ 35 கிலோ, புண்ணாக்கு 30 கிலோ, தவிடு 32 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சாதாரண உப்பு 1 கிலோ என்ற அளவில் கலக்கலாம். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. தாது உப்பை வீண்செலவாக நினைத்து விட்டுவிடுகிறவர்கள் பலர். பருவம் தவறுவதற்கும், ஊசி போட்டும் பிடிக்காமல் போவதற்கும் பாஸ்பரஸ், தாமிரம், துத்தநாகம் போன்ற தாதுக்களின் குறைவு ஒரு முக்கியமான காரணம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தயாரித்து விற்கும் தாது உப்புக் கலவையோ, ஆவின் சங்கங்களில் கிடைப்பதோ, எதுவானாலும் கிடேரிக்கு நாளுக்கு 20 முதல் 30 கிராமும், கறவை மாட்டுக்கு 50 கிராம் வரையும் விடாமல் கொடுக்க வேண்டும்.

கிடேரியைக் கொழுக்க வைப்பதும் தவறுதான். மடியில் கொழுப்பு படிந்தால் பால் குறையும். பிறப்புப் பாதையைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தால் கன்று ஈனுவது கடினமாகும்.

குடற்புழு நீக்கத்தை ஆறு மாத வயது வரை மாதந்தோறும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டும். கருச்சிதைவு நோய்க்கான தடுப்பூசியைப் பெண் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒரே ஒரு முறை போட வேண்டும். 2019இல் தொடங்கப்பட்ட தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இது இலவசமாகவே போடப்படுகிறது. அந்த வயதைத் தாண்டிவிட்டால் பிறகு போட முடியாது. அதே திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடப்படும் கோமாரித் தடுப்பூசியையும் தவறவிடக் கூடாது.

கிடேரி வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடாகவே இருக்கும். கருவிலேயே இரண்டின் இரத்தமும் கலந்து, பெண் கன்றின் இனப்பெருக்க உறுப்புகள் வளராமல் போவதே காரணம். சந்தையில் விலை குறைவாகவும் பார்வைக்கு லட்சணமாகவும் உள்ள கிடேரியை, இதைக் கேட்காமல் பிடித்துவரக் கூடாது.

பருவத்தைக் கண்டறிவதும் கருவூட்டுவதும்

கிடேரியின் முதல் பருவத்திலேயே ஊசி போட அவசரப்பட வேண்டியதில்லை. இரண்டு சுழற்சிகள் கடந்து மூன்றாவது பருவத்தில் போடும்போது சினை பிடிக்கும் வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடுகிறது. ஆகவே முதல் பருவம் தென்பட்ட நாளைக் குறித்துவைத்து, 21 நாட்களுக்கு ஒரு முறை அது சீராகத் திரும்புகிறதா என்று பார்ப்பதே அப்போதைக்குச் செய்ய வேண்டிய வேலை.

பருவம் 12 முதல் 18 மணி நேரமே நீடிக்கும். அறிகுறிகள் இரவிலும் விடியற்காலையிலுமே அதிகம் தென்படும். கோடையில் அவை இன்னும் மங்கலாக இருக்கும். கட்டுத்தறியில் ஒற்றையாக நிற்கும் மாடு மற்றொன்றின் மீது தாவவோ, தாவ இடம் கொடுக்கவோ வழியில்லாததால், தரையைத்தான் பார்க்க வேண்டும். விடியற்காலையில் சாணம் அள்ளுவதற்கு முன்பு மாட்டின் பின்னால் குனிந்து பாருங்கள். படுத்திருந்த இடத்தில் கண்ணாடி போன்ற வழவழப்பான திரவம் திட்டாகக் கிடக்கும். வால் மயிரில் அது ஒட்டிக் காய்ந்து, மெல்லிய சருகு போல் பளபளக்கும். வாலைத் தூக்கிப் பார்த்தால் பிறப்புறுப்பின் சுருக்கங்கள் மறைந்து, தடித்துச் சிவந்திருக்கும். அடிக்கடி சிறிது சிறிதாகச் சிறுநீர் கழிப்பதும், கத்துவதும், தீவனத்தைப் பாதியில் விடுவதும், கறவை மாடானால் அன்றைய பால் குறைவதும் துணை அறிகுறிகள். இரவு பத்து மணிக்கு ஒரு முறையும் விடியலில் ஒரு முறையும் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், தவறிப்போகும் பருவங்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும்.

காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலையும், மாலையிலோ இரவிலோ தெரிந்தால் மறுநாள் காலையும் கருவூட்ட வேண்டும். பருவம் முடிந்து 10 முதல் 12 மணி நேரம் கழித்தே சினைமுட்டை வெளிவருகிறது என்பதால்தான் இந்தக் கணக்கு. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் விந்துக் குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்து உருக்கியே பயன்படுத்த வேண்டும். உள்ளங்கையில் உருட்டியும் சட்டைப்பையில் வைத்தும் உருக்கினால் உயிரணுக்கள் சேதமடையும். வெதுவெதுப்பான நீரும் ஒரு குவளையும் தயாராக வைத்துக்கொண்டு, அப்படிச் செய்யும்படி ஊசி போட வருபவரிடம் மரியாதையாகக் கேட்பதில் தவறேதுமில்லை.

கிடேரிக்கு எந்தக் காளையின் விந்து என்பதும் முக்கியம். சிறிய உடம்புள்ள ஜெர்சி கலப்பினக் கிடேரிக்கு, பால் கூடும் என்ற ஆசையில் பிரீசியன் விந்தைச் செலுத்தினால், பெரிய கன்று உருவாகி ஈனுவதில் சிக்கல் வரலாம். கடினமான ஈற்றுக்கு ஆளான பசு, கருப்பைக் காயத்தாலும் சீழாலும் அடுத்த சினையைப் பல மாதங்கள் இழக்கிறது. முதல் ஈற்றுக்கு ஜெர்சியே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

ஊசி போட்ட இரண்டாம் நாள் கிடேரியின் வாலில் இரத்தம் கலந்த திரவம் தெரிந்தால், கலைந்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம். பருவம் முடிந்த பின் இப்படி வருவது கிடேரிகளில் இயல்பு. பருவத்தைப் பார்க்கத் தவறியவர்களுக்கு இது ஒரு நல்ல தடயமும்கூட: அன்றிலிருந்து 18, 19 நாட்களில் அடுத்த பருவம் வரும். ஊசிக்குப் பின் 21 நாட்களில் பருவம் திரும்பாவிட்டாலும், 60 நாட்கள் கழிந்ததும் சினைப் பரிசோதனை செய்தே உறுதிப்படுத்த வேண்டும். பருவம் வரவில்லை என்பதை மட்டும் வைத்துச் சினை என்று நம்பி, ஐந்தாறு மாதம் கழித்து ஏமாந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.

சினைக்காலத்தின் கடைசி மூன்று மாதங்கள்

இதுவே மறுசினையைத் தீர்மானிக்கும் காலம். சினை பிடித்த கிடேரி ஈனும்போது முழு வளர்ச்சி எடையில் 85 விழுக்காட்டை எட்டியிருக்க வேண்டும். அதாவது சினைக்காலத்திலும் நாளுக்கு 300 கிராம் போல் வளர்ந்துகொண்டே வர வேண்டும். வயிற்றிலுள்ள கன்று கடைசி மூன்று மாதங்களில்தான் வேகமாகப் பருக்கிறது. அப்போது தாயின் வயிறு பெருத்துத் தெரிவதால் மாடு தேறியிருப்பதாகத் தோன்றும். வயிற்றைப் பார்த்து ஏமாறாமல், முதுகையும் வாலடியையும் பார்க்க வேண்டும்.

மாட்டின் பக்கவாட்டில் நின்று, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையில் முதுகிலிருந்து பக்கவாட்டில் நீளும் குறுக்கெலும்புகளின் மீது உள்ளங்கையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். இலேசாக அழுத்தியதும் எலும்பு முனைகள் விரலுக்குத் தெரிந்து, மேலே மெல்லிய சதைப்போர்வை இருப்பதை உணர முடிந்தால் நிலைமை நன்று. அழுத்தாமலேயே முனைகள் ஒவ்வொன்றும் கூராகக் குத்தினால் மாடு மெலிந்திருக்கிறது. பின்னால் சென்று வாலின் இருபுறமும் பார்க்கும்போது, ஆழமான குழி விழுந்திருந்தால் அதுவும் மெலிவின் அடையாளமே. எத்தனை அழுத்தியும் எலும்பு தட்டுப்படாவிட்டால் கொழுத்துவிட்டது என்று பொருள். ஒன்று (மிக மெலிவு) முதல் ஐந்து (மிகக் கொழுப்பு) வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணில், ஈனும்போது தலையீற்றுப் பசு 3 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். ஏழாம் மாதச் சினையில் பார்த்து 2.5 என்று தெரிந்தால், தேற்றுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது. ஈன்ற பிறகு தெரிந்தால் காலம் கடந்துவிட்டது.

ஏழாம் மாதத்திலிருந்து கலப்புத் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஈனும் வேளையில் நாளுக்கு இரண்டு, இரண்டரை கிலோ தின்னப் பழக்க வேண்டும். இதனால் சதை பிடிப்பதோடு, கறவைக் காலத்தில் கூடுதல் தீவனத்தைச் செரிக்க மாட்டின் வயிறும் பழகிவிடுகிறது. பண்ணையில் பல மாடுகள் இருந்தால், சினைக் கிடேரிகளைப் பெரிய பசுக்களோடு ஒரே தொட்டியில் விடக் கூடாது. பெரியவை முட்டித் தள்ளிவிட, கிடேரிக்குக் கிடைப்பது எச்சமும் மிச்சமும்தான். தனித் தொட்டி வைப்பதற்குச் செலவு அதிகமில்லை, பலன் பெரிது.

தலையீற்றில் கன்று வெளிவரச் சற்று நேரம் எடுக்கும். பனிக்குடம் வெளிப்பட்டு இரண்டு மணி நேரம் முக்கியும் முன்னேற்றம் இல்லையென்றால், ஆட்களைச் சேர்த்து இழுக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம். 12 மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழாவிட்டாலும் கையால் பிடித்து இழுக்கவோ, அதில் கல்லோ செருப்போ கட்டித் தொங்கவிடவோ கூடாது. கருப்பைச் சுவர் கிழிந்து புண்ணாவதற்கும், அந்தப் பசு சினை பிடிக்காமல் போவதற்கும் இந்தப் பழைய வழக்கம் ஒரு காரணம்.

ஈன்ற பின் முதல் 90 நாட்கள்

கறவைப் பசுவுக்கு உடல் பேணுகைக்கு ஒன்றரை கிலோவும், கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோவும் கலப்புத் தீவனம் என்பது பொதுக்கணக்கு. எட்டு லிட்டர் கறக்கும் பசுவுக்கு இதன்படி ஏறத்தாழ நாலே முக்கால் கிலோ வரும். தலையீற்றுப் பசுவுக்கு வளர்ச்சிக்கென்று உடல் பேணுகைத் தேவைக்கு மேல் 20 விழுக்காடு கூடுதல் சத்து தேவை. ஆகவே அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரே நாளில் கூட்டினால் வயிற்றில் அமிலம் மிகுந்து மாடு தீவனத்தையே விட்டுவிடும் என்பதால், இரண்டு மூன்று நாட்களுக்கு அரை கிலோ என்ற வேகத்தில் கூட்டி, மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. முதல் இரண்டு மாதங்களில் உடல்நிலை மதிப்பெண் அரைக்கு மேல் சரியாமல் காப்பதே இலக்கு.

வெயில் காலத்தில் மாடு பகலில் தின்பது குறைந்துவிடும். அப்போது கலப்புத் தீவனத்தையும் பசும்புல்லையும் விடியலிலும் இரவிலும் கொடுத்து, நிழலும் குளிர்ந்த தண்ணீரும் எந்நேரமும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட மாட்டை உச்சிவெயிலில் நடத்திக் கூட்டிவரக் கூடாது.

ஈன்ற இரண்டு மூன்று வாரங்களில் கருப்பையிலிருந்து வரும் கழிவுகள் நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகும் நாற்றமுள்ள அல்லது வெண்சீழ் கலந்த திரவம் வந்தால் கருப்பையில் நோய்த்தொற்று இருக்கிறது. அதைக் குணப்படுத்தாமல் ஊசி போடுவது வீண். நாட்டினங்களில் கன்று நாள் முழுதும் தாயோடு இருந்து ஊட்டுவதும் பருவத்தைத் தள்ளிப்போடும் என்பதால், கறவை நேரத்தில் மட்டும் ஊட்டவிட்டு மற்ற நேரம் பிரித்துக் கட்டலாம்.

60 நாள் வரை பருவம் தென்படவில்லையென்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சினைப்பையில் முட்டைப்பை இயக்கம் இருக்கிறதா என்று அவர் பார்த்த பிறகே, இயக்குநீர் ஊசியோ, பிறப்புறுப்பினுள் வைக்கும் சாதனமோ பயன் தரும். மாடு ஏற்கெனவே சினையாக இல்லை என்று உறுதி செய்யாமல் பருவ ஊசி போடுவது கருவைக் கலைத்துவிடும். ஒழுங்காகப் பருவத்துக்கு வந்தும் மூன்று முறைக்கு மேல் பிடிக்காத மாடுகளுக்கு முள்ளங்கி, சோற்றுக்கற்றாழை, முருங்கைக்கீரை, பிரண்டை, கறிவேப்பிலை ஆகியவற்றைப் பருவ நாளிலிருந்து வரிசையாகக் கொடுக்கும் மரபுவழி முறையைத் தேசியப் பால்வள வாரியமும் பரிந்துரைக்கிறது. தீவனத்தைச் சரிசெய்த மாட்டில் இதைச் செய்து பார்க்கலாம். எலும்பு தெரியும் மாட்டுக்கு இது மருந்தாகாது.

மறுசினை உறுதியானதும் தீவனத்தைக் குறைத்துவிடக் கூடாது. இரண்டாம் ஈற்றிலும் பசு வளர்ந்துகொண்டே இருப்பதால், அப்போதும் உடல் பேணுகைக்கு மேல் 10 விழுக்காடு கூடுதல் சத்து தேவைப்படும். ஏழாம் மாதத்தில் பாலை வற்றச் செய்து, அடுத்த ஈற்றுக்கு முன் 60 நாட்கள் கறவையின்றி விட வேண்டும். அந்த 60 நாட்களின் தொடக்கத்தில் மறுபடியும் குறுக்கெலும்பை அழுத்திப் பார்த்து, உடல்நிலை மதிப்பெண்ணை அதே நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.